கரியும் ஓசோனும் தீவகத் தண்ணீரும்



நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு வந்தவர்கள், "கோயில் நல்லா இருக்கு, கிணத்துத் தண்ணிதான் சவர்" என்பார்கள். பீலித் தண்ணீர் குடித்துப் பழகிய வாய்க்கு அது பிடிக்காதுதான். "கரி வடிகட்டியும் ஓசோனும் வச்சா சரியாகிடாதா?" என்றும் கேட்கிறார்கள். பார்ப்போம்.

சிரட்டைக் கரியைச் சுமார் 900 பாகை வெப்பத்தில் நீராவியில் வாட்டினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உண்டாகும். இதுவே உயிர்ப்பூட்டிய கரி. இலங்கை இதை ஏற்றுமதியும் செய்கிறது. சருகு அழுகித் தண்ணீரில் இறங்கும் சாயம், வாடை போன்ற சேதனப் பொருட்களை இத்துளைகள் பிடித்துக்கொள்ளும். துளை நிரம்பினால் கரியை மாற்ற வேண்டும்.

ஓசோன், மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த வாயு. கிருமியைக் கொல்லும், பெரிய சேதனப் பொருளைச் சிறு துண்டுகளாக உடைக்கும். அந்தத் துண்டுகள் கரியில் முன்போல ஒட்டா. அப்படியானால் நட்டமா? இல்லை. கரியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடும். முழு ரொட்டியை விழுங்க முடியாத பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுப்பது போலத்தான். இதனால் கரியும் கூடுதல் காலம் உழைக்கும். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரம் 1970களிலேயே ஆற்றுத் தண்ணீரை இப்படிச் சுத்திகரித்தது.

ஆனால் தீவகத்தின் கதை வேறு. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் நிலத்தடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். கரைந்த உப்பைக் கரியும் பிடிக்காது, ஓசோனும் அழிக்காது. மேலும், கடலுப்போடு புரோமைட்டும் வரும். அதில் ஓசோன் பட்டால் புரோமேற்று உண்டாகலாம். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால், உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்று எல்லை வைத்துள்ளது. ஆகவே அங்கே உப்பை நீக்க 'ஆர்.ஓ.' எனும் சவ்வு வடிகட்டலும், கைகொடுக்க மழைநீர்த் தொட்டியுமே ஏற்ற வழி.

நமக்கு இதில் பாடம் உண்டு. எந்தத் தண்ணீரில் என்ன குறை என்று தெரியாமல் வடிகட்டிக்குக் காசைக் கொட்டக் கூடாது. நம் பீலித் தண்ணீரின் பயம் உப்பு அல்ல, கிருமி. வெறும் கரி வடிகட்டி கிருமியைக் கொல்லாது. தொட்டியில் விழும் சருகை அள்ளுங்கள், மூடி போடுங்கள், தண்ணீர் கொதித்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.