வெளிறிய மாவட்டங்கள்: நிறவரைபடம் குறித்துச் சில குறிப்புகள்

“ஏன் தோழர், எங்க மாவட்டம் மட்டும் இப்படி வெளுத்துப்போய்க் கெடக்கு?”

கணினித் திரையில் மதுரை மாவட்டத்தின் மேல் விரலை வைத்து அந்தத் தோழர் கேட்டபோது என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர். மதுரை மாவட்டத்தில் 13.5 சதவீதம். நான் எழுதியிருந்த விதிப்படி 16க்குக் கீழே போனால் இளநிறம். ஆகவே வெளுப்பு. கணக்கு சரிதான். ஆனால் அவர் கேட்டது கணக்கை அல்ல. மேலூர்ப் பக்கத்துக்காரர் அவர். மேலவளவு அவருக்கு நடந்துபோகிற தூரம்.

ஒரு வரைபடத்தைச் செய்து முடித்த பிறகு அது என்ன சொல்கிறது என்று செய்தவனுக்கே தெரியாமல் போவது எப்படி? இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை. தொழில்நுட்ப விளக்கத்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வரைபடத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும், அதற்குள் அதிகாரம் இயங்குகிறது என்று ஜே.பி. ஹார்லி 1989இல் எழுதினார். நாமும் அதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அந்த அதிகாரம் எந்த வரியில், எந்தப் பொத்தானில் உள்ளே வருகிறது என்பதைச் செய்துபார்த்தவர்கள் சொன்னால்தான் விமர்சனம் காற்றில் நிற்காது.

1

நிறவரைபடத்துக்கு மூன்று பொருள்கள் போதும்: எல்லைகள், எண்கள், எண்ணை நிறமாக மாற்றும் ஒரு விதி.

கணினிக்கு எல்லை என்பது அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளின் நீண்ட பட்டியல். வரிசையாக இணைத்தால் ஒரு பலகோணம். அதுதான் மாவட்டம். ஜியோஜேசன் என்ற வடிவத்தில் இது சாதாரண எழுத்துக் கோப்பாகவே கிடைக்கிறது. எண்கள் வேறொரு அட்டவணையில் இருக்கும். இரண்டையும் பெயர் பார்த்துச் சேர்க்கப் போனால் மாட்டிக்கொள்வோம். தூத்துக்குடியை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரெழுத்து பிசகினாலும் அந்த மாவட்டத்துக்கு எண் வந்து சேராது. கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தந்திருக்கும் குறியெண்ணை வைத்துச் சேர்ப்பதே வழி.

அடுத்த கண்ணி இதைவிடப் பெரியது. 2011இல் மாவட்டங்கள் 32. இன்றைய எல்லைக் கோப்பில் 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை 2019இலும் மயிலாடுதுறை 2020இலும் பிரிந்தவை. என் முதல் படத்தில் இந்த ஆறும் பளீரென்று வெள்ளையாக வந்தன. ‘விவரம் இல்லை’ என்பதற்கும் ‘ஆளே இல்லை’ என்பதற்கும் திரையில் ஒரே வெள்ளைதான். இன்னொரு பக்கம், சுருங்கிப்போன விழுப்புரம் கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய பழைய எண்ணைச் சுமந்துகொண்டு நின்றது. 2011 எண்களுக்கு 2011 எல்லைகளையே தேடிப் பிடித்துப் போட்டேன். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்காததன் விளைவு இப்படித்தான் நம் திரைவரை வருகிறது.

திரையில் படத்தை இயக்க லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்டது, காசு கிடையாது. அமெரிக்க மாநிலங்களின் மக்கள் அடர்த்தியை நிறத்தில் காட்டும் ஒரு பாடம் அதனோடு உண்டு. அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வரி நிரல் எண்ணை வாங்கி நிறத்தைத் திருப்பித் தரும்: 28க்கு மேலா, அடர்நிறம், 22க்கு மேலா, ஒரு படி குறைவு, இப்படியே கீழே. மவுஸ் ஒரு மாவட்டத்தின் மேல் வந்தால் அதன் ஓரம் தடிக்கும், மூலைப் பெட்டியில் பெயரும் எண்ணும் வரும். விலகினால் பழையபடி ஆகும். சொடுக்கினால் அந்த மாவட்டம் திரையை நிறைக்கும். அவ்வளவுதான். கைபேசியில் மவுஸ் கிடையாது என்பதுதான் எனக்கு மறந்துபோயிற்று. பார்க்க வந்தவர்கள் கையில் இருந்ததெல்லாம் கைபேசி. தொட்டால் விவரம் வரும்படி திருப்பி எழுதினேன்.

2

இந்த 28, 22, 16, 10 எங்கிருந்து வந்தன? யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மிகக் குறைந்த விகிதம் கன்னியாகுமரி, 4 சதவீதம். மிகக் கூடியது திருவாரூர், 34.1. இடைவெளியை ஐந்து சம பங்காக வெட்டினால் இந்த எண்கள் வரும். இது ஒரு முறை. இதில் திருவாரூர், நீலகிரி, நாகப்பட்டினம், பெரம்பலூர், விழுப்புரம், கடலூர் ஆகிய ஆறும் அடர்நிறம் பெறுகின்றன. கன்னியாகுமரி மட்டும் அடிவகுப்பில் தனியாக நிற்கிறது. மதுரை, கிருஷ்ணகிரி, கோவை, திருப்பூர் அதற்கு அடுத்த படி. மற்றவற்றில் பெரும்பாலானவை 16க்கும் 22க்கும் நடுவில் ஒரே நிறத்தில் அமிழ்ந்துவிடுகின்றன.

இன்னொரு முறையில், மாவட்டங்களை வரிசைப்படுத்தி வகுப்புக்கு ஆறேழு என்று தலையெண்ணிப் பிரிக்கலாம். படம் உடனே அழகாகிவிடும். ஐந்து நிறமும் சமமாகப் பரவும். ஆனால் 4 சதவீதக் கன்னியாகுமரியும் 15.5 சதவீதக் கோவையும் இப்போது ஒரே நிறம்! எண்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது நான் கோடு கிழித்த இடம் மட்டும்தான்.

எதை எண்ணுவது என்ற கேள்வி இன்னும் முந்தியது. தலைக்கணக்கை நிறமாக்கினால் ஏறத்தாழ 10 லட்சம் பட்டியல் சாதியினரோடு அன்றைய விழுப்புரம் முன்னால் வரும். 7.8 லட்சத்தோடு சென்னை, 4.3 லட்சமே உள்ள திருவாரூரைத் தாண்டிவிடும். விகிதத்தை நிறமாக்கினால் திருவாரூர் உச்சிக்குப் போய், 16.8 சதவீதச் சென்னை நடுவில் கரைந்துபோகும். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் வாதத்துக்குத் தலைக்கணக்கு வேண்டும். ஓர் ஊராட்சியில் யாருக்கு எவ்வளவு பலம் என்று பேச விகிதம் வேண்டும். ‘புள்ளிவிவரம் பேசுகிறது’ என்கிறோம். அது பேசுவதில்லை, நாம் பேசவைக்கிறோம்.

3

முதலில் சிவப்பைப் போட்டேன். எச்சரிக்கை மாதிரி இருக்கட்டும் என்ற நினைப்பு. “நாங்க கூட்டமா இருந்தா அது ஆபத்தா தோழர்?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டதும் எனக்கு வாயடைத்துப்போனது.

நிறவரைபடத்தின் வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முதல் நிறவரைபடம் என்று சொல்லப்படுவது 1826இல் ஷார்ல் துப்பான் வரைந்தது. பிரான்சில் எங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், எங்கே போகவில்லை என்பதைக் கறுப்பு வெள்ளைச் சாயல்களில் காட்டினார். அறிவு வெளிச்சம், அறியாமை இருட்டு. சார்லஸ் பூத் 1889இல் வெளியிட்ட லண்டன் வறுமை வரைபடத்தில் பணக்காரத் தெருக்கள் மஞ்சள். ஆகக் கீழானவர்கள் என்று அவர் கருதியவர்களின் தெருக்கள் கறுப்பு. அந்த நிறத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் ‘குற்றம்’ என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. 1930களில் அமெரிக்காவின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களை நான்கு நிறமாகப் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம். மூன்றிலும் படத்தில் நிறம் பெற்றவர்கள் வேறு, நிறக்குறிப்பை எழுதியவர்கள் வேறு.

கறுப்பைக் கேவலமாகவும் வெளுப்பை மேன்மையாகவும் படிக்கப் பழக்கப்பட்ட சமூகம் நம்முடையது. கல்யாணச் சந்தையில் தொடங்கிச் சினிமா வரைக்கும் அதுதான். இங்கே ‘அடர்த்தி கூடினால் கறுக்கும்’ என்ற விதியை யாரும் வெறும் கணிதமாகப் பார்க்கப்போவதில்லை. சிந்தியா புரூவர் வரைபடங்களுக்கென்றே தொகுத்துத் தந்திருக்கும் நிற வரிசைகளில், சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் படிக்கக்கூடிய ஒற்றை நிற அடுக்குகள் உண்டு. அதிலிருந்து நீலத்தை எடுத்தோம். நீலம் யாருடைய கொடி நிறம் என்பது கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆக இதுவும் நடுநிலையான தேர்வு அல்ல. ஆனால் படத்தில் இருப்பவர்களே தேர்ந்த நிறம் இது.

4

இனி அந்த வெளுப்புக்கு வருகிறேன்.

கன்னியாகுமரி 4 சதவீதம் என்பது எதனுடைய எண்? 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்களும், பின்னர் 1956இல் சேர்க்கப்பட்ட சீக்கியர்களும், 1990இல் சேர்க்கப்பட்ட பௌத்தர்களும் மட்டுமே பட்டியல் சாதியினர். தலித் கிறிஸ்தவர் அந்த எண்ணில் கிடையாது. 2011இல் அந்த மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் தலித்துகள் என்று இந்த அட்டவணை சொல்லாது. வெளுப்பின் ஒரு பகுதி ஆட்கள் இல்லாததால் வந்தது, இன்னொரு பகுதி சட்டம் எண்ண மறுத்ததால் வந்தது. திரையில் இரண்டும் ஒரே வெளுப்பு.

மதுரையின் கதை வேறு. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996இலிருந்து 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் நிலைக்க விடவில்லை. உத்தப்புரத்துச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிந்தது. எல்லாம் என் படத்தில் வெளிறிக் கிடக்கும் அந்த மாவட்டத்துக்குள்ளேதான். ‘அங்கே ஆட்கள் குறைவு’ என்று சொல்லும் நிறத்தைப் பார்ப்பவர் ‘அங்கே பிரச்சினை குறைவு’ என்று படித்துக்கொள்கிறார். தோழரை உறுத்தியது அதுதான்.

அப்படின்னா வன்கொடுமை வழக்குகளின் எண்ணிக்கையை நிறமாக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வழக்கு பதிவாக யாராவது காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், போனவரின் புகாரை வாங்க வேண்டும், சரியான பிரிவில் எழுத வேண்டும். இந்த மூன்றும் நடக்கிற மாவட்டம் அடர்ந்து தெரியும். வாய் திறக்கவே முடியாத மாவட்டம் வெளுத்து ‘அமைதிப் பூங்கா’வாகத் தெரியும்.

இதற்கெல்லாம் அடியில் நிறவரைபடத்தின் ஓர் அடிப்படை அனுமானம் கிடக்கிறது: எல்லைக்குள் எல்லாம் ஒன்றுபோல. நீலகிரிக்கு 32 சதவீதத்தின் அடர்நிறம் கொடுத்தால் தேயிலைத் தோட்ட லயத்துக்கும் முதுமலைக் காட்டின் மரங்களுக்கும் அதே நிறம். சாதி அப்படிப் பரவுவதில்லை. அது ஊர், சேரி என்று பிரிந்துதான் நிற்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு தெருமுனை, ஒரு சுவர். கைபேசித் திரையில் தமிழ்நாடு முழுதும் தெரியும்போது ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு சுவர் அந்தப் புள்ளிக்குள்ளேயே விழுந்து காணாமல் போகும். சாதியைக் காட்ட வந்த படம் ஊரையும் சேரியையும் ஒரே மையில் தோய்த்து எடுத்துவிடுகிறது.

5

சரி, பெரிதாக்கிக்கொண்டே போய் ஒவ்வொரு குடியிருப்பையும் காட்டினால் என்ன? தொழில்நுட்பம் தடை சொல்லாது. இரண்டு வாரம் உட்கார்ந்தால் முடியும். அங்கேதான் நாங்கள் நிறுத்தினோம். 1983இல் கொழும்பிலும் 1984இல் டில்லியிலும் வீடு தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எரிக்க வருகிறவனுக்கு நாமே வழிகாட்டி வரைந்து கொடுக்க முடியாது. ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லை அரசைப் பார்த்துச் சொல்வதும் சேரியைப் பார்த்துச் சொல்வதும் ஒன்றல்ல.

கடைசியில் செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். வகுப்பு பிரிக்கும் இரண்டு முறைகளுக்கும் ஒரு பொத்தான் வைத்தோம். தொட்டால் அதே எண்கள் வேறு படமாக மாறும். விவரம் இல்லாத இடத்துக்கு வெள்ளை கிடையாது, சாய்கோடுகள். பெட்டியில் விகிதத்தோடு தலைக்கணக்கும், யார் எண்ணப்படவில்லை என்ற ஒரு வரியும் வரும். மதுரையைத் தொட்டால் மேலே சொன்ன ஊர்களும் ஆண்டுகளும் வரும். நிறம் இளநீலம்தான், அதை நான் மாற்றவில்லை. எண்ணைத் திருத்தி நியாயம் சொல்லத் தொடங்கினால் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

அந்தத் தோழர் மறுபடி வந்தபோது மதுரையைத் தொட்டுப் பார்த்தார், படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு துண்டறிக்கை ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் தன் ஊரை வரைந்தார். மேலே ஊர், பக்கத்தில் கண்மாய், கரைக்கு அந்தப்புறம் காலனி. காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு நேராகப் போனால் ஊர்த்தெரு. அதில் போகக்கூடாது என்பதால் வயலைச் சுற்றி ஒரு கோணல் பாதை. “மழை பேஞ்சா இடுப்பளவு சேறு. பொணத்த வச்சுக்கிட்டு நிப்போம்” என்றார்.

அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து சேர்க்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம் தோழர், இது தாசில்தாருக்கு மனுவோட வைக்க” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.