படிப்பு முதலில், பந்தக்கால் பிறகு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் எங்கள் வீடு. ஒரு சாயங்காலம் நான் பூத் தொடுத்துக் கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தங்கச்சி சிரித்த முகமாய் வந்தாள்.

"அக்கா, பொண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா. நாத்தனார் மகனுக்கே குடுத்துடலாம்னு இருக்கோம்."

பெண்ணுக்கு வயது 17. என் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கும் பத்தாவதோடு படிப்பு நின்றது. 18 முடிந்ததுமே கல்யாணம். அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். இவர் ஒரு வருஷம் படுத்த படுக்கையாய் இருந்தபோது, தாலியைத் தவிர எல்லாம் அடகுக்குப் போயிற்று. வேலை கேட்டுப் போன இடத்தில், "என்னம்மா படிச்சிருக்கே?" என்றார்கள். பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள், கதவோரம் நின்ற பெண் வாய் திறந்தாள். "படிப்பு, வேலை, அப்புறம் கல்யாணம், அப்புறம்தான் குழந்தைன்னு ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க பெரியம்மா. வீட்ல மாத்திச் சொல்றாங்களே!"

தங்கச்சி தலைகுனிந்தாள். "காலேஜுக்குக் காசுக்கு எங்கக்கா போவேன்?"

நியாயமான கேள்விதான். வரிசையைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. நடக்க வழியும் வேண்டும். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு 5,000 ரூபாய் தந்தது. அதே பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப்பெண்' திட்டமோ உதவியைக் கல்யாணத்திலிருந்து கல்லூரிக்கு மாற்றியது: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம்!

இன்னொன்றும் சொன்னேன். 18 நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். சின்ன வயதுப் பிரசவத்தில் ரத்தசோகையும், எடை குறைந்த குழந்தையும் வரும் அபாயம் அதிகம்.

வரிசைப்படி நடந்தால் கஷ்டமே வராது என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே. கஷ்டம் வரும்போது, சொந்தக் காலில் நிற்க ஒரு பிடி இருக்கும். இந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். சம்பாதிக்கத் தொடங்குமுன் மாப்பிள்ளையாவானேன்?

மறுநாள் தாயும் மகளும் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்! பந்தக்கால் எப்போது வேண்டுமானாலும் நடலாம். படிக்கிற வயசு திரும்பி வருமா?