வீட்டுக் கருவி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு எனப் பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரையிலிருந்தும் நம் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரின் பைகளில் இப்போது மருந்துச் சீட்டுகள் மட்டும் இருப்பதில்லை. இரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்கிறது. அது காட்டிய எண்களைப் படம் பிடித்து வைத்த கைப்பேசியும் உடன் வருகிறது. 2020 மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் கொரோனா மிகுதியாகப் பரவியிருந்தது இராயபுரம் மண்டலத்தில்தான். ஆக்சிமீட்டர் என்ற சொல்லை நம் பகுதி மக்கள் கற்றுக்கொண்டது அந்த நாள்களில். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகளுடன் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வரலாயினர். மருத்துவமனையில் மட்டும் இருந்த கருவிகள் இவ்வாறு நம் கூடத்துக்கும் சமையலறை அலமாரிக்கும் வந்து சேர்ந்தன.

இது நல்ல மாற்றமே. மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்துவிடும். வீட்டில் எடுத்த அளவுகள் இருந்தால் அவர்களுக்குத் தேவையற்ற மாத்திரையைத் தவிர்க்க இயலும். ஆயினும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நீங்கள் காட்டும் எண்ணைப் பார்த்தே மருந்தின் அளவைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். எனவே அந்த எண் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரத்த அழுத்தக் கருவியிலிருந்து தொடங்குவோம். ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் வைத்து ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையை 1905இல் கொரோட்கோவ் என்னும் ரஷ்ய மருத்துவர் வெளியிட்டார். உங்கள் வீட்டுக் கருவி அவ்வாறு ஒலி எதையும் கேட்பதில்லை. கையில் சுற்றிய பட்டைக்குள் உள்ள காற்றில் நாடித்துடிப்பு உண்டாக்கும் மெல்லிய அதிர்வை உணர்ந்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. கை அசைந்தால், பேசினால், மடியில் பேரக்குழந்தை துள்ளினால் கணக்குப் பிழைபடும். ஒரே நிமிடத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அளவுகள் வந்து, 'கருவி கெட்டுவிட்டது' என்று பலர் சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்போருக்கும் அளவுகள் மாறி மாறி வரும். அவர்கள் மூன்று முறை எடுத்து மூன்றையும் குறித்து வர வேண்டும்.

பட்டையின் அளவைக் கடையில் யாரும் கேட்பதில்லை. கருவியுடன் வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கே பொருந்தும். துறைமுகத்தில் சுமை தூக்கி உரமேறிய கைக்கும், பருத்த உடலினரின் கைக்கும் அது போதாது. 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டோருக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு ஏறத்தாழ 20 எண்கள் கூடுதலாகக் காட்டியது. இருபது எண்கள் என்பது ஒரு மாத்திரையை இரண்டாக்கப் போதுமானது. தையற்காரரின் அளவு நாடாவால் மேற்கையின் நடுவில் ஒருமுறை அளந்து பாருங்கள். 32க்கு மேல் இருந்தால் பெரிய பட்டையைத் தனியே கேட்டு வாங்க இயலும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கை சற்றுத் தாழ்ந்தாலும் அளவு உயர்ந்துவிடும்.

உட்காரும் விதத்தைப் பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதங்கள் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் போடலாகாது, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும் என்பன அவை. நம் வீடுகள் பலவற்றில் மேசையே இல்லை என்பதைக் கையேடு எழுதியவர் அறியார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, அருகில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணைகளை அடுக்கிக் கையை வைத்தால் போதும். கை நெஞ்சின் உயரத்தில் தளர்வாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுக்கவும். தேநீர் குடித்தோ புகைபிடித்தோ அரை மணி நேரமேனும் ஆகியிருக்க வேண்டும். மருத்துவரைக் காண வரும் முன் ஏழு நாள்கள், காலையும் மாலையும் இவ்வாறு எடுத்தால், முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை நாங்கள் பார்ப்போம். மருத்துவமனையில் 140/90 என்பதை எல்லையாகக் கொள்கிறோம். வீட்டு அளவுக்கு எல்லை 135/85.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தும் பிழை நேரும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான கருவிகளில் இருவருடைய அளவுகளைத் தனித்தனியே சேமிக்க 1, 2 என்று இரு பொத்தான்களோ ஒரு விசையோ இருக்கும். அதை மாற்றுவார் இல்லை. அண்மையில் ஒரு பெரியவரின் கருவியில் பதிவாகியிருந்த மேல் அளவுகள் 160க்கு மேல் இருந்தன. அறையில் எடுத்தபோது 128. விசாரித்ததில், கடைசியாகப் பதிவானவை அவருடைய மனைவியின் அளவுகள் என்று தெரிந்தது. நோயாளி கணவர், தமக்கு ஒன்றுமில்லை என்று அந்த அம்மா நினைத்திருந்தார். எண்களை மட்டும் நம்பியிருந்தால் கணவருக்கு மாத்திரை கூடியிருக்கும், மனைவிக்கு வேண்டிய சிகிச்சை கிடைத்திராது. மின்கலம் மாற்றியதும் கருவியின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடுவதும் இதே போன்ற தொல்லை. எந்த நாளில் எடுத்த அளவு என்று தெரியாமல் போகும். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் பெயர், தேதி, நேரம், அளவு ஆகியவற்றை எழுதிவைப்பதற்கு இணையான செயலி எதையும் நான் இன்னும் காணவில்லை.

செயலி என்றதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கைப்பேசியின் கேமராவில் விரலை வைத்தால் இரத்த அழுத்தம் சொல்வதாகச் சில செயலிகள் வருகின்றன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கிய அத்தகைய செயலி ஒன்றை 2016இல் ஆய்ந்தபோது, உயர் இரத்த அழுத்தம் உடையோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது அளவு சரியாக உள்ளது என்று காட்டியது. கையில் பட்டை சுற்றாத செயலியின் அளவைக் கொண்டு மருந்தை நிறுத்த வேண்டா.

ஆக்சிமீட்டர் சிறிய கருவியாயினும் அதன் அறிவியல் அழகானது. விரலின் வழியே சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இம்முறையைக் கண்டறிந்தவர் தாகுவோ அயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். உலகமெங்கும் அவருடைய கருவி தேடப்பட்ட 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

ஒளி விரலை ஊடுருவ வேண்டும் என்பதால், அதைத் தடுக்கும் எதுவும் எண்ணைக் கெடுக்கும். நகப்பூச்சு அவ்வாறானது. காசிமேட்டில் பனிக்கட்டியில் மீனை அடுக்குவோரின் விரல்கள் சில்லிட்டு இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 85 என்று காட்டினால் அஞ்ச வேண்டுவதில்லை. மூச்சுத் திணறல் இல்லையெனில் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைபெறும் வரை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கவும். கருவி காட்டும் நாடித்துடிப்பும், மணிக்கட்டைத் தொட்டு எண்ணும் துடிப்பும் ஒத்திருந்தால் அளவை ஏற்கலாம். மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருக்கையில் ஆக்சிமீட்டர் அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. கருநிறத் தோல் உடைய நமக்கும் இது கவனத்துக்குரியது. எனவே ஒரு தனி எண்ணைவிட, உங்களுக்கு வழக்கமாக வரும் எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதைப் பாருங்கள். வழக்கமாக 97 உள்ளவருக்கு 93 ஆகி, மூச்சும் வாங்கினால் உடனே வர வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயர் சிலருக்கு நாங்களே குறைந்த இலக்கை எழுதிக் கொடுத்திருப்போம். அவர்கள் அந்த இலக்கையே கருத்தில் கொள்ளவும்.

குளுக்கோமீட்டரைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒன்றே: "ஆய்வகத்தில் 180, வீட்டில் 200. எது சரி?" இரண்டும் சரியாக இருக்கலாம். பன்னாட்டுத் தரவிதியின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆனால் மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் ஊசி குத்தினால் வருவது பழத்தின் சர்க்கரை. சோப்பால் கழுவி, நன்கு துடைத்து உலர்த்திய பின் குத்தவும். ஸ்ட்ரிப்புகளுக்குக் கடற்காற்றின் ஈரம் பகை. டப்பாவை எடுத்தவுடன் மூடவும். அடுப்புக்கு அருகிலோ, வெயிலேறிய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழுள்ள பரணிலோ வைக்க வேண்டா. திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதி வையுங்கள்.

மின்சாரம் நின்றால் இவை யாவும் வேறு தன்மை பெறுகின்றன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்போர் அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். 5 லிட்டர் கருவி 300 முதல் 400 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அது நான்கைந்து மின்விசிறிகள் ஒன்றாக ஓடுவதற்குச் சமம். வீட்டு இன்வெர்ட்டர் அதை நெடுநேரம் தாங்காது. ஆகவே நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் அதற்குரிய ரெகுலேட்டரும் வீட்டில் இருக்கட்டும். ரெகுலேட்டரை மாட்டிக் கழற்ற வீட்டிலுள்ள இருவரேனும் பழகியிருக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசி படியும் வீடுகளில் கான்சென்ட்ரேட்டரின் வடிகட்டியை வாரம் ஒருமுறையேனும் கழுவி உலர்த்தி மாட்டவும். பூசை விளக்கும் ஊதுவத்தியும் ஆக்சிஜன் உள்ள அறையில் கூடாது.

மின்தடையின்போது ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய படிக்கட்டின் அடியிலோ ஓட்டுவது உயிருக்கு ஆபத்தானது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. அது ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் ஆக்சிமீட்டரால் வேறுபடுத்த இயலாது. மயங்கிக் கிடப்பவரின் விரலில் 98 என்று காட்டும். அந்த எண்ணைக் கண்டு காத்திராமல் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்கவும்.

இன்சுலினுக்கு வீட்டில் உள்ள மருத்துவக் கருவி குளிர்சாதனப் பெட்டிதான். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோனதைப் பயன்படுத்தலாகாது. மின்தடை நீடித்தால், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரு மண்பானைகளின் இடையே ஈரமணல் நிரப்பி, உள்ளே இன்சுலினை நனையாமல் வைப்பது பயனுள்ள முறை. கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானை குறைவாகவே குளிரும். எனினும் வெறும் அலமாரியைவிட அது மேல்.

பேஸ்மேக்கர் பொருத்தியோருக்கும் ஒரு சொல். கைப்பேசியைச் சட்டையின் இடப்பக்கப் பையில் வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். சில புதிய கைப்பேசிகளில் வலுவான காந்தங்கள் உள்ளன. அவை நெஞ்சிலுள்ள கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இன்டக்ஷன் அடுப்பில் சமைப்போர் இரண்டடி தள்ளி நிற்கவும்.

எண்களைப் பற்றிப் பேசும்போது இன்னோர் எண்ணை விட்டுவிட இயலாது. அது உங்கள் தொலைபேசி எண். பரிசோதனை முடிவில் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தால் இரவானாலும் நாங்கள் உங்களை அழைப்போம். அழைப்பு எடுக்கப்படுவதில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளால் வெறுத்துப்போய், தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்து வைத்திருக்கிறீர்கள். அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவமனையின் எண்ணைப் பெயரிட்டுச் சேமித்தால் எங்கள் அழைப்பு ஒலிக்கும். பதிவேட்டில் வெளிநாட்டிலுள்ள மகனின் எண் மட்டும் இருந்தால், உடன் வசிக்கும் ஒருவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அறிக்கைகள் ஓராண்டு கழித்துத் திறக்க மறுப்பது அன்றாடம் காணும் காட்சி. வந்த அன்றே தரவிறக்கி, ஒரு படி அச்செடுத்துக் கோப்பில் வைக்கவும்.

அடுத்த முறை வரும்போது நோட்டுப் புத்தகத்துடன் கருவியையும், அதன் பட்டையையும், புதிய மின்கலங்களையும் எடுத்து வாருங்கள். செவிலியர் எங்கள் கருவியிலும் உங்கள் கருவியிலும் அடுத்தடுத்து அளந்து, வேறுபாட்டை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தருவார். இதற்குக் கட்டணம் இல்லை.