தூண்டில் மின்னஞ்சல்

கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது. அக்காலத் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஊரிலிருந்து கடிதம் வந்தால், கிராணியாரோ ஆசிரியரோ வாசித்துக் காட்டும்வரை குடும்பத்தினர் காத்திருப்பர். இன்று அதே வட்டாரத்தில், பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இயங்குகிறது. கடிதத்தின் இடத்தை மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் பிடித்துக்கொண்டன. பெற்றோருக்கு வரும் மலாய், ஆங்கிலச் செய்திகளை வாசித்து விளக்கும் பொறுப்பு, பல இல்லங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்துள்ளது. வாசிப்பவர் ஏமாந்தால் குடும்பமே ஏமாற நேரிடும்.

மாணவர்களுக்கு மின்னஞ்சல் புதியதன்று. 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலிமா கற்றல் தளத்தைப் பயன்படுத்தக் கல்வி அமைச்சே அவர்களுக்குக் கணக்கு வழங்குகிறது. பல்கலைக்கழகத்திற்குச் சென்றதும் அங்குள்ள கணினிச் சேவை மையம் மற்றொரு கணக்கைத் தரும். மின்னஞ்சல், வளாக இணையம், பாடக் குறிப்புகள், தேர்வு முடிவுகள் எனப் பல சேவைகளுக்கும் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்தான் சாவியாக இருக்கும். மோசடிக்காரர்கள் குறிவைப்பது அந்தச் சாவியைத்தான்.

இவ்வகை மோசடியை ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. “உங்கள் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, 24 மணி நேரத்திற்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு மூடப்படும்” என்பது போன்ற செய்தியே தூண்டில் முள். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால், பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்தைப் போலவே தோன்றும் ஒரு போலிப் பக்கம் திறக்கும். அங்கே தட்டச்சு செய்யும் கடவுச்சொல் நேராக மோசடிக்காரரிடம் போய்ச் சேரும். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வீட்டுக்காரரே சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

“என் கணக்கில் என்ன இருக்கிறது, திருடுவதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். திருடப்பட்ட கணக்கிலிருந்து நண்பர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் அதே தூண்டில் மீண்டும் வீசப்படும். தெரிந்தவரின் பெயரில் வருவதால் பலர் ஐயமின்றித் திறந்துவிடுவர். மேலும், பிற தளங்களின் கடவுச்சொல்லை மாற்றும் வழியும் மின்னஞ்சல் வழியாகவே செல்கிறது. ஆகவே, ஒரு கணக்கு பறிபோனால் மற்றவையும் பறிபோகும் அபாயம் உண்டு.

போலியைக் கண்டறியச் சில வழிகள் உள்ளன. முதலாவது, முகவரியின் இறுதிப் பகுதியைக் கவனித்தல். மலேசிய உயர்கல்விக் கூடங்கள் பெரும்பாலானவற்றின் இணைய முகவரி ‘இ-டி-யு’, ‘எம்-ஒய்’ என்னும் எழுத்துகளில் முடியும். அரசு நிறுவனங்களுக்கு ‘ஜி-ஓ-வி’, ‘எம்-ஒய்’ என்று வரும். கடித உறையின் முதல் வரியில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி, கடைசி வரியில் வேறொரு நாட்டின் பெயரை எழுதினால், கடிதம் அந்நாட்டுக்கே போகும். அதுபோல, தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் தளத்தின் பெயர் வேறாக முடிந்தால் அது வேறொருவரின் தளமே. எனினும், திருடப்பட்ட கணக்கிலிருந்து வரும் அஞ்சலின் முகவரி சரியாகவே இருக்கும். எனவே, முகவரியை மட்டும் நம்புதல் போதாது.

இரண்டாவது, செய்தி என்ன கேட்கிறது என்று பார்த்தல். கணினிச் சேவை மையமோ வங்கியோ கடவுச்சொல்லை அனுப்பும்படி ஒருபோதும் கேட்பதில்லை. திறன்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எவரிடமும் கூறக்கூடாது. மூன்றாவது, வேறு வழியில் சரிபார்த்தல். செய்தியில் உள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்தாமல், தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து நுழைய வேண்டும்; அல்லது மையத்திற்கு நேரில் சென்று கேட்கலாம். ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், கடவுச்சொல் மட்டும் திருடப்பட்டாலும் கணக்கிற்குள் நுழைவது கடினமாகும்.

பகுதிநேர வேலை தருவதாகவும் சில அஞ்சல்கள் வரும். வங்கிக் கணக்கையோ அட்டையையோ சில நாள் தந்தால் பணம் கிடைக்கும் என்று அவை ஆசை காட்டும். பிறரிடம் திருடிய பணத்தைக் கைமாற்றவே அக்கணக்குகள் பயன்படுகின்றன. 2024ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, சட்டபூர்வ நோக்கமின்றி வங்கிக் கணக்கைப் பிறரிடம் ஒப்படைப்பதும் குற்றமாகும். ஒரு கணக்கு எண் மோசடிப் புகாரில் இடம்பெற்றுள்ளதா என்பதைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்க்கலாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே கடவுச்சொல்லை மாற்றி, கணினிச் சேவை மையத்திடம் தெரிவிக்க வேண்டும். விரைவில் தெரிவித்தால், கணக்கை முடக்கவும் மற்ற மாணவர்களை எச்சரிக்கவும் மையத்தால் முடியும். பணம் பறிபோயிருந்தால், வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட இம்மையம், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் அதைத் தடுக்க முயல்கிறது. பின்னர், காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. அச்சமும் ஆசையும் கலந்த அவசரமே மோசடிக்காரரின் மூலதனம். அன்று கடிதம் வாசித்தவர் எழுத்தைப் படித்துச் சொன்னார். இன்று திறன்பேசியை வாங்கிப் பார்க்கும் பிள்ளை, “அம்மா, கொஞ்சம் பொறுங்கள், இது உண்மைதானா என்று முதலில் பார்ப்போம்” என்றும் சொல்ல வேண்டும்.