கூழுக்குத் தொட்டுக்க என்ன?



ஆடி மாதம் பிறந்தாச்சுன்னா நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எங்கே பார்த்தாலும் வேப்பிலைத் தோரணமும் மைக்செட் பாட்டும்தான். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலும் திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலிலும் கூட்டம் அலைமோதும். அது மட்டுமா? தெருமுனையில் இருக்கிற சின்ன அம்மன் கோயிலிலும் கூழ் ஊத்துவாங்க. சொம்பு, தூக்கு, டிபன் பாக்ஸ் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்போம். நீ எந்த வீடு, என்ன ஆளுன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

கூழைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது, அதுக்குத் தொட்டுக்க வைக்கிறோமே, அதைப் பற்றி. "தொட்டுக்கறதுல என்ன பெருசா இருக்கு?" என்று நினைக்காதீங்க. போன வருஷம் எங்க தெருவில் கூழே நின்றுபோக இருந்தது, அதனால்தான்.

நடந்தது என்ன?

போன ஆடியில் காலை 6 மணிக்கே தேங்காய்ச் சட்னி அரைத்து, ஒரு எவர்சில்வர் வாளியில் மூடி வைத்தாங்க. பூஜை முடிய நேரமாகி, கூழ் ஊத்தும்போது மணி 1. சட்னியில் லேசாக ஒரு வாசனை. வீணாக்க வேண்டாமேன்னு அப்படியே பரிமாறிட்டாங்க. அன்று ராத்திரி நாலு வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு. என் தம்பிக்கு டிரிப்ஸ் ஏத்த வேண்டியதாப் போச்சு.

மறுநாள் "கூழ் சரியில்லை" என்று பேச்சு கிளம்பிவிட்டது. பல வருஷமாக் கூழ் காய்ச்சுகிற எதிர்வீட்டு அத்தை, "இனிமே நான் அண்டாவைத் தொட மாட்டேன்" என்று அழுதாங்க. அப்போது என் ஆயாதான் கேட்டாங்க: "கூழ் மட்டும் குடிச்சவங்க யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா? சட்னி தொட்டுக்கிட்டவங்களுக்குத்தானே ஆச்சு?" கணக்குப் பார்த்தால் உண்மைதான். எனக்குச் சட்னி பிடிக்காது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேங்காய்ச் சட்னி ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பச்சைத் தேங்காயில் ஈரம் இருக்கிறது, சத்தும் இருக்கிறது. அரைக்கும்போது தண்ணீர் வேறு ஊற்றுகிறோம். புளிப்பு அதிகம் கிடையாது. நம்ம ஊர் வெயில் சூடு கிருமிகளுக்கு ரொம்பப் பிடித்த சூடு. இப்படி எல்லாம் கூடி வந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். கணக்குப் பாடத்தில் படித்தோமே, 2, 4, 8, 16 என்று, அதே கணக்குதான். 6 மணியிலிருந்து 1 மணி வரை 7 மணி நேரம், அதாவது 21 முறை. ஒரே ஒரு கிருமி 20 லட்சத்தைத் தாண்டிவிடும்!

கூழ் அப்படியில்லை. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்கிறோம். புளிக்க வைக்கிற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வளராது. அப்புறம் அதை நன்றாகக் காய்ச்சவும் செய்கிறோம்.

அப்படியானால் தொட்டுக்கறதும் ஈரம் குறைவாக, புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். ஆயா சொன்ன பதில்: வேர்க்கடலைத் துவையல்.

தேவையானவை (சுமார் 50 பேருக்கு, ஆளுக்கு ஒரு ஸ்பூன்)

வேர்க்கடலை – அரை கிலோ
காய்ந்த மிளகாய் – 20
புளி – பெரிய எலுமிச்சம்பழம் அளவு
பூண்டு – 15 பல்
கல் உப்பு – 3 ஸ்பூன்
நல்லெண்ணெய் – 4 ஸ்பூன்
பெருங்காயம், கறிவேப்பிலை – கொஞ்சம்

செய்முறை

1. முதலில் கடலையைத் தட்டில் கொட்டிப் பொறுக்குங்கள். சுருங்கினது, பூஞ்சை பிடித்தது, கறுத்தது எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2. வெறும் வாணலியில் சின்னத் தீயில் 10 நிமிஷம் வறுக்க வேண்டும். தோல் வெடித்து வாசனை வரும். ஆறினதும் கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

3. எண்ணெயில் மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம் வதக்குங்கள். பூண்டில் பச்சை வாசனை போகணும். கடைசியில் புளியையும் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி இறக்குங்கள்.

4. எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி பிடித்துக் கட்டி கட்டியாகும்.

5. மிளகாய், புளி, உப்பை முதலில் அரைத்து, பிறகு கடலையைப் போடுங்கள். மிக்சியை விட்டு விட்டு ஓட்டணும். ஒரேயடியா ஓட்டினால் கடலை எண்ணெய் கக்கிவிடும். தண்ணீர் தேவைப்பட்டால் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஸ்பூன் கணக்கில் தெளியுங்கள். உருட்டினால் உருண்டை நிற்கணும். அதுதான் பதம்.

கவனிக்க வேண்டியவை

புளி சேர்ந்ததால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் நல்லது. ஈரக் கரண்டி, ஈரக் கை படக்கூடாது. தெட்டத் தெளிவா ஒன்று: கெடாது என்று நினைத்து நாலு நாள் வைக்காதீங்க. காலையில் அரைத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். சிலருக்கு வேர்க்கடலை சேராது, உடம்பு தடித்து மூச்சே திணறும். அதனால் பரிமாறும்போதே "இது கடலைத் துவையல்" என்று சொல்லிக் கொடுங்கள். அவங்களுக்கு மோர்மிளகாயோ சின்ன வெங்காயமோ போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம், தீவனத்தில் கலந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் முழுசாகப் போகாது. அதனால்தான் முதல் வேலை பொறுக்குவது!

★ நம்ம கிராமத்துச் சாப்பாடு என்கிறோம். ஆனால் கேழ்வரகு பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோடு வந்து இறங்கிய பிறகுதான் மிளகாய் இங்கே பரவியது. ஒரு சொம்புக்குள் மூன்று கண்டம்!

★ அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் கூடும் விருந்துகளில் சிப்ஸுக்குத் தொட்டுக்க சால்சாவும் வைப்பார்கள். தக்காளி, மிளகாய், எலுமிச்சைச் சாறு. அங்கேயும் புளிப்பும் காரமும்தான்!

இந்த வருஷம்

ஆடிக்கு ஒரு வாரம் முன்னாடி ஆயாவும் நானும் ஒரு கிண்ணம் துவையல் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தையிடம் போனோம். 21 முறை பெருக்கின கணக்கை என் ரஃப் நோட்டில் காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அப்போ என் கூழ் மேல தப்பில்லையா?" என்று கேட்டாங்க. இல்லைன்னு ஆயா சொன்னாங்க. துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இன்னும் கொஞ்சம் போடு" என்றாங்க. அன்று சாயங்காலமே அண்டாவைப் பரணிலிருந்து இறக்கியாச்சு.

கூழ் ஊத்தின அன்று துவையல் வாளியை வழித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் நானும் தம்பியும் நாலு வீட்டுக்கும் போய் விசாரித்தோம். யாருக்கும் எதுவும் இல்லை.

தோழர்களே, உங்கள் தெருவிலும் கூழ் ஊத்தும்போது தொட்டுக்க என்ன, எத்தனை மணிக்கு அரைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி