மாஸ்ட் செல்லின் பொய்முகம்

1878-இல் ஜெர்மானிய மாணவர் பால் எர்லிக், மணிகள் நிறைந்த ஒருவகைச் செல்லைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். தின்று கொழுத்தது என்று கருதி அதற்கு 'மாஸ்ட் செல்' எனப் பெயரிட்டார். உண்மையில் அம்மணிகளில் இருப்பது உணவன்று. ஹிஸ்டமின் போன்ற பொருள்கள். அவை ஒருசேர வெளிப்பட்டால் தோல் தடிக்கும். இரத்த அழுத்தம் சரியும்.

சிலருக்கு இச்செல்கள் கோளாறுற்றுப் பெருகுகின்றன. இந்நோய்க்கு மாஸ்டோசைட்டோசிஸ் என்று பெயர். ஒரு குளவி கொட்டினாலும் இவர்கள் உயிருக்கு ஆபத்து நேரலாம். பெரியவர்களிடம் இதை அறிய எலும்பு மஜ்ஜையைச் சோதிக்கிறார்கள். ஆனால் நலமான மஜ்ஜையில் ஆயிரம் செல்களில் ஒன்றுகூட மாஸ்ட் செல்லாக இராது. நோயாளியிடமும் சில சமயம் மிகச் சிலவே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து, மஜ்ஜையில் கலக்கிறார்கள். பிறகு செல்களை வரிசையாக லேசர் கதிரின் குறுக்கே ஓடவிடுகிறார்கள். கருவி ஒவ்வொன்றின் ஒளியையும் அளக்கிறது. பல லட்சம் செல்களானாலும் சலிப்பதில்லை!

'சி.டி. 117' மிகப் பிரகாசமாக ஒளிர்ந்தால் அது மாஸ்ட் செல்லாகலாம். மஜ்ஜையின் இளஞ்செல்களிலும் இது உண்டு; ஆனால் ஒளி குறைவு. அந்த மாஸ்ட் செல்லிலேயே 'சி.டி. 25'-உம் ஒளிர்கிறதா? அங்கேதான் பொய்முகம் கலைகிறது. டி-செல்கள் சிலவற்றில் சி.டி. 25 இயல்பாகவே உண்டு. நலமான மாஸ்ட் செல்லில் அது இருப்பதில்லை.

இது மட்டும் போதாது. இரத்தத்தில் டிரிப்டேஸ் என்னும் நொதி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருக்கிறதா, 'கிட்' புரதத்தின் 816-ஆம் அமினோ அமிலம் மாறியிருக்கிறதா, மஜ்ஜையில் இச்செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டுள்ளனவா என்றும் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருவார்.