முக்கால் மணி நேரம் அங்கே... மீதி நேரம் நம் வீட்டில்!

“இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேச ஆரம்பிச்சான். கொஞ்சம் பொறும்மா!”

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால், பல வீடுகளில் பாட்டிகள் சொல்லும் ஆறுதல் இது. பிரியத்தில் சொல்வதுதான். ஆனால், அந்த ஆறுதலிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். மூளை வேகமாக வளரும் இந்த வயதில், ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

எப்போது காட்ட வேண்டும்?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை... இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதிலும் தாமதிக்கக் கூடாது. பேச்சுத் தாமதம் என்றால், காது கேட்கும் திறனையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

“விளையாடத்தானே விடுறாங்க!”

தெரபி தொடங்கிய முதல் சில நாள்கள் குழந்தை அழும். புது இடம், புது முகம். கதவுக்கு வெளியே நிற்கும் அம்மாவுக்கும் கண் கலங்கும். உள்ளே எட்டிப் பார்த்தால், தெரபிஸ்ட் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருப்பார். ‘இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்’ என்று தோன்றும்.

கவனித்துப் பாருங்கள். ஒருமுறை ஊதிவிட்டு, மூடியை மூடிக்கொண்டு அவர் காத்திருப்பார். இன்னொரு முறை ஊத வேண்டும் என்று குழந்தை அவர் முகத்தைப் பார்க்கும் அல்லது கையை நீட்டும். அந்தப் பார்வைதான் பாடம். ‘எனக்கு வேண்டும்’ என்று கேட்கப் பழகுவதன் முதல் படி அது.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள், முக்கால் மணி நேரம்தான் குழந்தை அங்கே இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் நம்மோடுதான். அதற்காக வீட்டை கிளினிக் ஆக்க வேண்டாம். அன்றாட வேலைகளே போதும்.

* தோசையைச் சிறு துண்டாகப் போடுங்கள். அடுத்த துண்டுக்கு ‘இன்னும் வேணுமா?’ என்று கேட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நாமே முந்திக்கொண்டு ஊட்டிவிட்டால், கேட்க வேண்டிய அவசியம் குழந்தைக்கு வராது.

* குளிக்கும்போது ‘கை எங்கே, வயிறு எங்கே’ என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றுங்கள்.

* சப்பாத்தி மாவை உருட்டவும், பட்டாணி உரிக்கவும் விடுங்கள். விரல்களுக்கு நல்ல பயிற்சி. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருங்கள்.

* சாப்பிடும்போது செல்போன் வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, அதன் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒவ்வொரு முறையும் தெரபிஸ்ட்டிடம், “இந்த வாரம் வீட்டில் எதைச் செய்யட்டும்?” என்று கேளுங்கள். பத்துப் பயிற்சிகளைப் பாதி பாதியாகச் செய்வதைவிட, ஒன்றைத் தினமும் செய்வது பலன் தரும்.

குற்றவாளிக் கூண்டில் அம்மா

“நீ சரியா பேச்சுக் கொடுக்கல, அதான்” என்று அம்மாவைக் குறை சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வளர்ச்சித் தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஒருவர் தலையில் பழியைப் போடுவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. அப்பாவையும் பாட்டியையும் ஒருமுறை தெரபிக்கு அழைத்துச் செல்லுங்கள். நேரில் பார்த்த பிறகு, ‘கொஞ்சம் பொறு’ என்ற பாட்டியே தோசைத் துண்டோடு காத்திருக்கத் தொடங்கலாம்.

செலவுக்கு பயமா?

2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதிக்கிறார்கள். தாமதம் தெரிந்தால், மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கு சிகிச்சை இலவசம். அங்கன்வாடி ஊழியரிடமோ அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள். ‘மூன்றே மாதத்தில் முழுமையாகக் குணமாக்குகிறோம்’ என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள்: ‘இன்று கூப்பிட்டதும் திரும்பினாள்.’ ‘இன்று தா என்று கை நீட்டினான்.’ எதுவுமே மாறவில்லையே என்று சோர்ந்துபோகும் நாளில், அந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். நம் பிள்ளையின் நேற்றோடு ஒப்பிட்டால் போதும்!